மகனிடமிருந்து கார் சாவியைப் பிடுங்கிவிட்டேன், காரை விற்றுவிடட்டுமா?

கேள்வி: எனக்கு வயது 49. ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கிறேன். பையனுக்கு 18 வயது, பெருந்துறைப் பக்கம் ஒரு கல்லூரியில் இன்ஜினியரிங் முதலாம் ஆண்டு. பெண் பதினொன்றாம் வகுப்பு. பையன் லைசென்ஸ் வாங்கி நான்கு மாதம் ஆகிறது. வீட்டில் சும்மா நின்ற பழைய ஆல்டோவை அவனுக்கே கொடுத்தேன். இரவு எட்டு மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும், பத்து நிமிடம் தாமதமானாலும் ஒரு வாரம் சாவி கிடையாது, காரில் கீறல் விழுந்தால் அதோடு சரி என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். சொன்னபடி பலமுறை சாவியைப் பிடுங்கியும் இருக்கிறேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டுப் போனான். ஃபாஸ்டேக்கில் பணம் குறைகிறதே என்று ஒரு வாரம் கழித்து மெசேஜ்களைப் பார்த்தால் விஜயமங்கலம் டோல்கேட், அப்புறம் கணியூர் டோல்கேட். நண்பர்களோடு ஐந்து பேராகக் கோயம்புத்தூர் போயிருக்கிறான். அங்கே பார்க்கிங்கில் தூணில் உரசிக் கதவு ஒடுங்கிவிட்டது. "வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, நண்பன் வீட்டில் நிற்கிறது" என்று என்னிடம் இன்னொரு பொய் சொல்லிவிட்டு, 4,500 ரூபாய் கடன் வாங்கி டிங்கரிங், பெயின்ட் வேலையெல்லாம் முடித்துவிட்டான். பெயின்ட் நிறம் இப்போதும் ஒட்டாமல் தெரிகிறது. அவன் அம்மாவுக்கு இதெல்லாம் முன்பே தெரியுமாம். ஆத்திரத்தில் கை நீட்டிவிட்டேன். சாவி இப்போது பீரோவில். மனைவி என்னை ரொம்பக் கண்டிப்பு என்கிறாள். மச்சான் காரை விற்றுவிடு என்கிறார். தினமும் ஸ்கூட்டியில் டியூஷன் போய்வரும் என் பெண் ஒரு நாளும் இப்படிச் செய்ததில்லை. நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள ஐயா,

காரை விற்க வேண்டாம். சாவியையும் உடனே கொடுத்துவிட வேண்டாம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒடுங்கிய கதவு, ஒட்டாத பெயின்ட், 4,500 ரூபாய், டோல் பணம் எல்லாம் அதில் இருக்கின்றன. ஐந்து பேரும் சீட் பெல்ட் போட்டிருந்தார்களா, பைபாஸில் என்ன வேகத்தில் போனார்கள், போக வர அவனே ஓட்டினானா, லைசென்ஸ் இல்லாத நண்பன் யாராவது நடுவில் ஸ்டியரிங் பிடித்தானா, திரும்பும்போது இருட்டிவிட்டதா என்பதெல்லாம் இல்லை. நீங்கள் அவனிடம் கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். லைசென்ஸ் வாங்கி நான்கே மாதம் ஆன பையன், நான்கு நண்பர்களை ஏற்றிக்கொண்டு, லாரி ஓயாத சேலம் - கொச்சி நெடுஞ்சாலையில் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் போய், அதே தூரம் திரும்பியும் வந்திருக்கிறான். இந்தக் கதையில் கதவுதான் ஆகச் சின்ன விஷயம்.

நீங்கள் அதிகக் கண்டிப்பானவரா என்று கேட்டால், சில விஷயங்களில் உங்கள் கண்டிப்பு போதாது என்பேன். எட்டு மணி பத்து நிமிடத்துக்கு வந்தால் தண்டனை உண்டு. நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் என்ன என்பதற்கு உங்கள் வீட்டில் சட்டமே இல்லை. போதாக்குறைக்கு அந்த எட்டு மணிச் சட்டமே வேகத்தைக் கூட்டுகிற சட்டம். மணி ஏழு ஐம்பது, பையன் இன்னும் பெருந்துறையைத் தாண்டவில்லை என்று வையுங்கள். நேரம் கடந்தால் ஒரு வாரம் கார் போய்விடும் என்று தெரிந்தவன் ஆக்ஸிலரேட்டரைத்தான் மிதிப்பான். நேரக் கட்டுப்பாடு இருக்கட்டும். ஆனால் "தாமதமாகும் என்று தெரிந்தால் கிளம்பும் முன்பே ஒரு போன் செய், அரைமணி நேரம் பிந்தினாலும் பரவாயில்லை" என்று மாற்றுங்கள். போன் வராமல் தாமதமானால்தான் குற்றம்.

பொய்க்கு வருகிறேன். உங்களுக்கு அதிகம் வலித்தது அதுதான் என்று தெரிகிறது. உங்கள் மண்டியில் ஒருவர் எடை போடும்போது தப்புச் செய்துவிட்டு உடனே உங்களிடம் வந்து சொல்கிறார், இன்னொருவர் அதே தப்பைச் செய்துவிட்டுச் சீட்டைத் திருத்திவிடுகிறார். இருவருக்கும் ஒரே தண்டனை என்றால், அடுத்த மாதத்திலிருந்து யாரும் உங்களிடம் வந்து சொல்ல மாட்டார்கள். வீட்டில் நீங்கள் வைத்திருக்கும் சட்டம் அப்படிப்பட்டது. கீறல் விழுந்தால் கார் போய்விடும், சொன்னாலும் போய்விடும், கண்டுபிடித்தாலும் போய்விடும். அப்படியென்றால் மறைத்துப் பார்ப்பதில் அவனுக்கு நஷ்டம் என்ன? பொய் சொன்னது சரி என்று நான் சொல்ல வரவில்லை. கணக்குப் போட்டால் பொய்தான் மலிவாக வருகிறது என்கிறேன்.

இந்தக் கணக்கை மாற்றுவது கதவுக்காக இல்லை. ஒரு நாள் அவன் யார் மீதாவது இடித்துவிடலாம். நண்பர்களோடு போன இடத்தில் ஒருவன் குடித்திருக்கலாம், அவனே ஒரு பீர் குடித்திருக்கலாம். அந்த நேரத்தில் அவன் கூப்பிட வேண்டிய முதல் நம்பர் உங்களுடையதாக இருக்க வேண்டும். இன்றைய நிலையில் இருக்காது. அதனால் ஒரு வாக்குக் கொடுங்கள்: "ஓட்ட முடியாத நிலை என்றால் எந்த ஊர், எந்த நேரம் என்றாலும் கூப்பிடு. நான் வருகிறேன், அல்லது டாக்ஸி பிடித்து வா, பணம் நான் தருகிறேன். அன்றிரவு ஒரு கேள்வியும் கிடையாது. பேச்சு மறுநாள் காலையில்." மறுநாள் காலையில் தாராளமாகப் பேசுங்கள், தண்டனையும் கொடுங்கள். ஆனால் அன்றிரவு வாக்கைக் காப்பாற்ற வேண்டும். காரில் ஏறியதும் திட்ட ஆரம்பித்தால் இரண்டாவது முறை போன் வராது.

அவன் அம்மாவிடம் சொன்னான் என்பது எனக்கு நல்ல செய்தியாகவே படுகிறது. யாரிடமும் சொல்லாமல் இருந்திருந்தால்தான் கவலைப்பட்டிருப்பேன். அதற்காக மனைவியைக் குறை சொல்லி இன்னொரு சண்டை வேண்டாம். ஆனால் கார் விஷயத்தில் இனி அம்மாவுக்கு ஒரு சட்டம், அப்பாவுக்கு ஒரு சட்டம் என்று இருக்கக் கூடாது. இரண்டு பேரும் தனியாக உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்த பிறகு பையனைக் கூப்பிடுங்கள். கை நீட்டியதற்கு அவனிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லிவிடுங்கள். அடித்ததால் அவன் வேகமாக ஓட்டாமல் இருக்கப்போவதில்லை. உங்களுக்குத் தெரியாமல் ஓட்டுவான்.

ஐந்து பேர் என்ற விஷயத்துக்கு வருகிறேன், ஆபத்து அங்கேதான் இருக்கிறது. 2005இல் அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டு. மஞ்சள் விளக்கு எரிந்த பிறகும் எவ்வளவு தூரம் துணிந்து போகிறார்கள் என்று பார்த்தார்கள். தனியாக ஆடும்போது சிறுவர்களும் பெரியவர்களும் ஓரளவு ஒரே மாதிரி நடந்துகொண்டார்கள். நண்பர்கள் பக்கத்தில் இருந்து பார்க்கும்போது பதின்வயதினர் எடுத்த ஆபத்து மளமளவென்று ஏறியது. கல்லூரி வயதினருக்கும் ஏறியது. 24 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் பெரிய மாற்றமில்லை. உங்கள் பையன் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டும்போது தங்கமாக ஓட்டுவான். பின்னாலிருந்து "மாப்ளே, அந்த பஸ்ஸை ஓவர்டேக் பண்றா" என்று குரல் வரும்போது ஓட்டுபவன் வேறு ஆள். வெளிநாடுகள் பலவற்றில் புது லைசென்ஸ்காரர்களுக்கு இரவு ஓட்டவும் நண்பர்களை ஏற்றவும் சட்டமே தடை போடுகிறது. நியூசிலாந்து 1987இலேயே அப்படிப் படிப்படியான லைசென்ஸைக் கொண்டுவந்துவிட்டது. நம் ஊரில் எல்எல்ஆர் வாங்கி முப்பது நாள் கழித்துத் தேர்வுக்குப் போய், தேறிவிட்டால் அன்றிலிருந்தே நள்ளிரவில் நான்கு பேரோடு நெடுஞ்சாலையில் போகலாம். சட்டம் விட்ட இடைவெளியை வீடுதான் நிரப்ப வேண்டும்.

எனவே உங்கள் பழைய சட்டங்களை எடுத்துவிட்டு இவற்றை வையுங்கள். அடுத்த ஆறு மாதத்துக்குக் காரில் அவனைத் தவிர ஒரே ஒருவர். வீட்டு ஆட்கள் என்றால் கணக்கில்லை. இருட்டிய பிறகு நீங்களோ அவன் அம்மாவோ உடன் இல்லாமல் பைபாஸ் கிடையாது. பின் சீட்டு உட்பட எல்லோரும் பெல்ட் போட்ட பிறகே வண்டி நகர வேண்டும். பின் சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம் என்பது சட்டத்திலேயே இருக்கிறது, போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்துக்குப் பிறகுதான் பலருக்கு இது ஞாபகமே வந்தது. அவர் பின் சீட்டில் பெல்ட் போடாமல் இருந்ததாகப் போலீஸார் சொன்னார்கள். போன் டேஷ்போர்டுக்குள் இருக்க வேண்டும். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு வினாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. மூன்று வினாடி வாட்ஸ்அப் பார்த்தால் 66 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிய மாதிரி. இதை அவனையே கணக்குப் போடச் சொல்லுங்கள், இன்ஜினியரிங் படிக்கிறவன்தானே. குடித்துவிட்டு ஓட்டினால் கார் மறுபடி கைக்கு வராது. நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினாலே சட்டப்படி குற்றம், முதல் முறையே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டும் சேர்ந்தோ கிடைக்கலாம். உங்கள் வீட்டில் அளவு பூஜ்யமாகவே இருக்கட்டும்.

இந்தச் சட்டங்களில் பேரம் வேண்டாம். மீறினால் சாவி வாங்குவது நியாயம். கீறல், பெட்ரோல், டயர் பஞ்சர், வழி தப்பியது போன்றவற்றுக்குச் சாவியைத் தொடாதீர்கள். செலவை அவன் பாக்கெட் மணியில் கழித்துக்கொள்ளுங்கள், போதும்.

"அவனுக்கே கொடுத்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மாற்றுங்கள். 2009இல் பிலடெல்பியாவின் குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள் அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் எடுத்த கணக்கு பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்தது. வீட்டுக் காரைக் கேட்டு வாங்கி ஓட்டியவர்களைவிட, தனக்கென்று கார் வைத்திருந்தவர்களுக்கு விபத்து இரண்டு மடங்குக்கும் மேல். அதே கணக்கெடுப்பில் உங்களுக்கு இன்னொரு பதிலும் இருக்கிறது. வெறும் கண்டிப்பான பெற்றோரின் பிள்ளைகளும், கண்டிப்போடு ஆதரவாகவும் இருக்கும் பெற்றோரின் பிள்ளைகளும் பெல்ட் அதிகம் போட்டார்கள், வேகமும் குறைவு. ஆக கண்டிப்புக்குப் பலன் இல்லாமல் இல்லை. ஆனால், எதையும் கண்டுகொள்ளாத பெற்றோரின் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் விபத்து பாதியாகக் குறைந்தது, விதியும் வைத்து, ஆதரவாகவும் இருந்து, பிள்ளை எங்கே போகிறான் என்று தெரிந்தும் வைத்திருந்த வீடுகளில்தான். அமெரிக்கக் கணக்கை அப்படியே நம் ஊர் ரோட்டுக்கு ஒட்டவைக்க முடியாது என்றாலும், நான் பார்க்கிற குடும்பங்களிலும் காற்று அந்தப் பக்கமே அடிக்கிறது. ஆகவே ஆல்டோ இனி வீட்டுக் கார். சாவி ஆணியில் தொங்கட்டும். எங்கே, யாரோடு, எப்போது திரும்புவாய் என்று கேட்டு, பதில் வந்த பிறகு எடுத்துக்கொள்ளட்டும். பொய் பிடிபட்டால் மூன்று மாதம் பஸ்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். உங்கள் பெண் பதினொன்றாம் வகுப்பு என்றால் பதினாறு வயது இருக்கும். தினமும் ஸ்கூட்டியில் போகிறாள் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஐயா, அது சட்டவிரோதம். 16 வயதில் கியர் இல்லாத, 50 சிசிக்குள் உள்ள வண்டிக்குத்தான் லைசென்ஸ் கிடைக்கும். இன்று ஷோரூமில் நிற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் எல்லாம் அதற்கு மேல். 2019 செப்டம்பர் முதல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 199ஏ என்ற பிரிவு நடைமுறையில் இருக்கிறது. சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோரும் வண்டி உரிமையாளரும் குற்றவாளிகள். மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. தெரியாமல் எடுத்துப் போய்விட்டாள் என்றால் அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள். நீங்கள்தான் டியூஷனுக்குக் கொடுத்தனுப்புகிறீர்களே. யாருக்காவது அடிபட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி அவருக்கு நஷ்டஈடு கொடுத்துவிட்டு அந்தப் பணத்தை உங்களிடமிருந்து வசூலிக்கும்படியும் நீதிமன்றம் உத்தரவிடலாம்.

2024 மே மாதம் புனேயில் 17 வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே கார் மோதி பைக்கில் போன இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். விபத்தைப் பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுது என்று சொல்லி ஜாமீன் கொடுத்ததற்கு நாடே கொந்தளித்தது. அந்தப் பையனின் அப்பாவும் கைதானார். நாம் அதைப் பணக்காரத் திமிர் என்று பேசிவிட்டு டியூஷனுக்கு ஸ்கூட்டி சாவியைக் கொடுக்கிறோம்.

இதைப் பெண்ணுக்காக மட்டும் சொல்லவில்லை. உங்கள் பையன் இதைத் தினமும் பார்க்கிறான். அவன் விஷயத்தில் பத்து நிமிடம்கூட வளையாத அப்பா, டியூஷனுக்குக் கொண்டுவிட ஆள் இல்லை என்றால் நாட்டுச் சட்டத்தையே வளைக்கிறார். சட்டம் என்றால் அப்பாவுக்கு வசதியானது என்றுதான் அவன் புரிந்துகொள்வான். அவனுக்குப் புதுச் சட்டம் சொல்வதற்கு முன்பு ஸ்கூட்டி சாவியைப் பெண்ணிடமிருந்து வாங்கிவிடுங்கள். கோபமாக இல்லாமல், "இத்தனை நாள் கொடுத்தது என் தப்பு" என்று சொல்லி வாங்குங்கள். அவள் சைக்கிளில் போகலாம், தோழிகளோடு ஆட்டோ பேசிக்கொள்ளலாம். 250 வாட்டுக்குள், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மிகாத எலெக்ட்ரிக் வண்டிக்கு லைசென்ஸ் தேவையில்லை, அதையும் யோசிக்கலாம். ஹெல்மெட் மட்டும் எதற்கும் விடாதீர்கள்.

இனி கார் எப்போது திரும்பக் கிடைக்கும் என்பது. பீரோவில் வைத்துவிட்டுத் தேதி சொல்லாமல் இருப்பது மிக மோசம். கிடைக்கும் நாள் தெரியாத பையன் டூப்ளிகேட் சாவி எங்கே என்று தேடுவான், அல்லது நண்பன் பைக்கில் ஹெல்மெட் இல்லாமல் பின்னால் தொற்றிக்கொண்டு போவான். காரை விற்றாலும் நடப்பது இதுதான், அதனால்தான் விற்க வேண்டாம் என்றேன். நான்கு வாரம் என்று சொல்லுங்கள். அந்த நான்கு வாரமும் அவன் ஓட்டட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்தால் மட்டும். வாரம் இரண்டு நாள் போதும். அவனுக்கு எல்எல்ஆரும் கிரவுண்டும் கற்றுக்கொடுக்காததை அந்த நாட்களில் பழக்குங்கள். சர்வீஸ் ரோட்டிலிருந்து பைபாஸில் ஏறுவது, லாரியின் கண்ணாடியில் டிரைவர் முகம் தெரியாவிட்டால் அவருக்கும் நம்மைத் தெரியாது என்பது, எதிரே வருபவன் ஹைபீமைக் குறைக்காதபோது என்ன செய்வது, மழையில் எவ்வளவு இடைவெளி விடுவது. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பதை ஆள் இல்லாத ரோட்டில் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

ஓட்டும்போது அவனையே பேசச் சொல்வது நல்ல பழக்கம். "முன்னால் டவுன் பஸ், நிறுத்தப்போகிறது, பின்னாலிருந்து ஆள் ஓடி வரலாம், வேகத்தைக் குறைக்கிறேன்" என்று கண்ணில் படுவதைச் சொல்லிக்கொண்டே ஓட்டட்டும். அவன் எதைப் பார்க்கிறான், எதைப் பார்க்கவில்லை என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். நீங்கள் கத்தினால் அவன் ரோட்டைப் பார்க்க மாட்டான், உங்களைப் பார்ப்பான். பொறுமை இல்லை என்றால் அன்றைக்கு வண்டியை எடுக்காதீர்கள். இன்னொன்று, அந்த நான்கு வாரமும் நீங்கள் ஓட்டும்போது போனை எடுக்கக் கூடாது. மண்டியிலிருந்து எத்தனை அழைப்பு வந்தாலும்.

காரின் வேலைகளையும் அவனிடம் கொடுங்கள். காற்று பார்ப்பது, ஸ்டெப்னி மாற்றுவது, இன்சூரன்ஸும் புகைச் சான்றும் எப்போது முடிகிறது என்று பார்த்துப் புதுப்பிப்பது, பெட்ரோல் கணக்கு எழுதுவது. 4,500 ரூபாய்க் கடனை நீங்கள் அடைக்காதீர்கள். அவன் நண்பர்களுக்கு அவனே மாதாமாதம் கொடுக்கட்டும். மண்டியில் சனிக்கிழமை வேலை செய்து சம்பாதிக்கிறேன் என்றால் மற்றவர்களுக்குக் கொடுக்கும் கூலியைக் கொடுங்கள், மகன் என்று கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். அந்தப் பெயின்டை மறுபடி அடிக்கக் கிளம்பாதீர்கள், அப்படியே இருக்கட்டும்.

இவ்வளவும் கேட்டுவிட்டு அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "எனக்குக் காரே வேண்டாம், பஸ்ஸில் போய்க்கொள்கிறேன்" என்று சொல்லலாம். பதினெட்டு வயதில் அப்படித்தான் சொல்வார்கள். சரி என்று விட்டுவிடுங்கள், கெஞ்சவும் வேண்டாம், குத்திக்காட்டவும் வேண்டாம். ஈரோட்டிலிருந்து பெருந்துறைக்கு பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. அவன் கேட்கும் வரை ஆல்டோவை நீங்களே அவ்வப்போது மண்டிக்கு எடுத்துப் போய் வாருங்கள், பேட்டரி இறங்காமல் இருக்கும்.